நடுவர் இல்லாத பந்தயம்

வழக்கமாக ஜூன் மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை காலையில், கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்திலுள்ள பான்ஃப் என்ற மலையூரில் நூற்றுக்கு மேற்பட்ட மிதிவண்டிக்காரர்கள் கூடுகிறார்கள். ராக்கி மலைத்தொடரை ஒட்டித் தெற்கே இறங்கி, ஏறத்தாழ 4,400 கிலோமீட்டருக்கு அப்பால், அமெரிக்காவும் மெக்சிகோவும் சந்திக்கும் ஆண்டிலோப் வெல்ஸ் என்ற எல்லைச் சாவடியை அடைவது அவர்களது நோக்கம். வழியின் பெரும்பகுதி சரளைக்கல் சாலை. எஞ்சியது வனத்துறைத் தடமும், மழை பெய்தால் பசைபோல் ஒட்டிக்கொள்ளும் மண்பாதையும். இதற்கு ‘டூர் டிவைட்’ என்று பெயர். பங்கேற்பவர்களில் மிகப் பெரும்பான்மையோர் வேறு ஏதோ வேலை பார்த்துப் பிழைப்பவர்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, கைக்காசைச் செலவழித்து, உடம்பை வருத்திக்கொண்டு போகிறவர்கள்.

நாம் மிதிவண்டியில் மலையேறியவர்கள் அல்லர். பள்ளிக்கும் சந்தைக்கும் போய்வந்ததோடு நமது மிதிவண்டிப் பழக்கம் முடிந்துவிட்டது. ஆயினும் சில ஆண்டுகளாக ஜூன் மாத இரவுகளில் இந்தப் பந்தயத்தை இணைய வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் வழக்கம் நமக்கு ஏற்பட்டுவிட்டது. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஒவ்வொருவரும் ஒரு சிறு புள்ளி. புள்ளி நகர்ந்தால் ஓட்டுகிறார். நின்றால் தூங்குகிறார், அல்லது சாப்பிடுகிறார், அல்லது ஏதோ ஆகிவிட்டது.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எழுந்த ஒரு கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். இத்தனை நீண்ட பாதையில் நடுவர் யாரும் இல்லை. பரிசுப் பணமும் இல்லை. யாரும் பாராத வேளையில் ஒருவர் மற்றவரிடம் ஒரு கை உதவி பெற்றுக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? தெரியாது என்னும்போது, ‘நான் தனியாக ஓட்டி முடித்தேன்’ என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு? தேடிப் படித்தபோது, இந்தக் கேள்வி மிதிவண்டிப் பந்தயத்தின் வரலாறு முழுவதிலும் ஊடாடி வருவது தெரிந்தது.

*

‘அமெச்சூர்’ என்ற சொல் தமிழருக்குப் புதிதன்று. நாடகத்தின் வழியாக நம்மிடம் அது ஊன்றியது. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, வழக்கறிஞர்களும் அலுவலர்களும் கூலி வாங்காமல் மேடையேறினார்கள். தொழிலாகச் செய்யாதவர் என்பது சொல்லின் இன்றைய பொருள். பிரெஞ்சு மொழியில் அதன் மூலப்பொருள் ‘காதலிப்பவர்’. நாளடைவில் ‘அரைகுறையாகச் செய்பவர்’ என்ற இளக்காரமும் அதில் ஏறிக்கொண்டது. இந்த மூன்று பொருள்களும் கீழே வரும் மனிதர்களுக்கு மாறிமாறிப் பொருந்துவதைக் காணலாம்.

அதே 1891-ல் பிரான்சில், பியேர் ஜிஃபார் என்ற பத்திரிகையாளர் பாரிஸிலிருந்து மேற்குக் கடற்கரையின் பிரெஸ்ட் நகருக்குப் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தை நடத்தினார். இருநூறுக்கு மேற்பட்டோர் புறப்பட்டார்கள். உணவையும் உடையையும் தாமே சுமக்க வேண்டும், புறப்பட்ட அதே வண்டியில் திரும்பி வர வேண்டும் என்பவை விதிகள். ஷார்ல் டெரோன் 71 மணி 22 நிமிடங்களில் முடித்தார். மனிதன் மூன்று இரவுகள் தூங்காமல் மிதிக்க முடியும் என்று பலர் அப்போதுதான் நம்பினார்கள். டெரோன் தொழில்முறை வீரர். ஆனால் அந்தப் பாதை பின்னாளில் அமெச்சூர்களுக்கு உரியதாயிற்று. நாலாண்டுக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கானோர் இன்றும் அதில் ஓட்டுகிறார்கள். முதலில் வந்தவருக்கு அங்கே தனிப்பரிசு இல்லை.

தன் உதவி தனக்கே என்ற விதி எவ்வளவு கடுமையாக முடியும் என்பதற்கு 1913-ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் சாட்சி. வெல்லக்கூடிய நிலையில் இருந்த யூஜென் கிறிஸ்டோஃப் பிரனீஸ் மலையின் டூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் உடைந்தது. வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துக் கிலோமீட்டர் அளவு நடந்து, சாந்த் மரி டி கம்பான் என்ற சிற்றூரின் கொல்லன் பட்டறையை அடைந்தார். பிறர் கை படக்கூடாது என்பது விதி. எனவே அவரே இரும்பைக் காய்ச்சி, அடித்து, ஒட்டினார். பந்தய அதிகாரிகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடிற்று. இரண்டு கையும் வேலையில் இருந்ததால் துருத்தியை மட்டும் ஒரு சிறுவன் ஊதிக் கொடுத்தான். அதற்காக அவருக்குப் பத்து நிமிடம் தண்டம் விதித்தார்கள். பின்பு மூன்றாகக் குறைத்தார்கள். பந்தயத்தின் முடிவில் கிறிஸ்டோஃபுக்குக் கிடைத்தது ஏழாம் இடம்.

அந்தப் பட்டறையில் அதிகாரிகள் இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். விதியைக் காத்தது அவர்களது கண்.

*

கண் இருந்தும் காணாத கதையும் ஒன்று உண்டு. அது நடந்தது ராக்கி மலையிலேயே.

1890களில் அமெரிக்க இராணுவம், குதிரைக்குப் பதில் மிதிவண்டி உதவுமா என்று ஆராய விரும்பியது. மொன்டானாவின் மிசூலா கோட்டையில் இருந்த 25-ஆம் காலாட்படைப் பிரிவு கறுப்பின வீரர்களால் ஆனது, அதிகாரிகள் வெள்ளையர். ஜேம்ஸ் மாஸ் என்ற இளம் அதிகாரியின் கீழ் சிலர் 1896-ல் யெல்லோஸ்டோன் வரை ஓட்டிப் பழகினார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 14 அன்று இருபது வீரர்களும் மாஸும் ஒரு மருத்துவரும், எட்வர்ட் பூஸ் என்ற இளம் நிருபரும் மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் நகரை நோக்கிப் புறப்பட்டார்கள். தூரம் 1,900 மைல். ஏறத்தாழ 3,060 கிலோமீட்டர். கூடாரம், போர்வை, உணவு, துப்பாக்கி எல்லாம் வண்டியிலும் முதுகிலும். பியர் கணக்கில் எடை ஏறிய கியர் இல்லாத வண்டிகள் அவை என்று சொல்ல வேண்டியதில்லை. சுமை ஏறிய வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்த தூரமே நிறைய. மொன்டானாவின் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு சுழலவிடவில்லை. நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளில் உப்பு மண்டிய தண்ணீரைக் குடித்து நோயுற்றார்கள். ஜூலை 24 அன்று செயின்ட் லூயிஸில் பெருங்கூட்டம் அவர்களை வரவேற்றது.

பிறகு இராணுவம் அவர்களை இரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்பியது. மேலும் ஒரு பயணத்துக்கு மாஸ் கேட்ட அனுமதி கிடைக்கவில்லை. 1898-ல் ஸ்பெயினோடு போர் வந்தது. படைப்பிரிவு கியூபாவுக்குப் போயிற்று. மிதிவண்டிப் படை மறக்கப்பட்டது. இவர்கள் அமெச்சூர்கள் அல்லர், ஆணைக்குக் கட்டுப்பட்ட சிப்பாய்கள். ஆயினும் ராக்கி மலைச் சேற்றில் நெடுந்தூரம் மிதித்தவர்களின் வரிசையில் அவர்களை முதலில் வைக்காமல் இருக்க முடியாது. அப்பயணத்தைப் பற்றி நாம் இன்று படிப்பவை பெரும்பாலும் மாஸின் அறிக்கையும் பூஸின் செய்திக் கட்டுரைகளும்தாம். மிதித்தவர்களின் குரல் மிகக் குறைவாகவே நம்மை எட்டுகிறது. ஒரு செயலைச் செய்வதும் அதைத் தன் சொல்லில் சொல்ல இடம் கிடைப்பதும் வேறுவேறு உரிமைகள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

*

மலைக்கென்றே செய்யப்பட்ட மிதிவண்டி வருவதற்கு மேலும் எண்பது ஆண்டுகள் ஆயின. கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், டமால்பாய்ஸ் மலையைச் சுற்றிய ஊர்களில் சில இளைஞர்கள், 1930களிலும் நாற்பதுகளிலும் விற்ற தடித்த டயர் வண்டிகளைக் காயலான் கடைகளில் பொறுக்கி எடுத்து மலைப்பாதையில் இறக்கி விளையாடினார்கள். பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் அந்த வண்டிகளில். நீண்ட இறக்கத்தில் ஹப் கொதித்து உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். கீழே வந்ததும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘ரீபேக்’. அந்தப் பாதைக்கே அது பெயராயிற்று. 1976 அக்டோபர் 21 அன்று அங்கே முதல் பந்தயம். சார்லி கெல்லி, ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் முதலியோர் அந்தக் கூட்டத்தினர். முதல் நாள் வென்றவர் ஆலன் பாண்ட்ஸ். அன்று விழாமல் வந்தவர் அவர் ஒருவரே.

ஜோ பிரீஸ் 1977-ல் மலைக்கென்று தனிச் சட்டகம் செய்தார். பின்பு பெருநிறுவனங்கள் வந்தன. விளையாட்டு வணிகமாயிற்று. 1990-ல் கொலராடோவின் டுராங்கோவில் முதல் உலகச் சாம்பியன் போட்டி. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம். காயலான் கடை வண்டியிலிருந்து ஒலிம்பிக் பதக்கத்துக்கு வர இருபது ஆண்டுகள் போதுமானவையாக இருந்தன. அட்லாண்டாவில் ஆண்கள் பிரிவில் வென்ற நெதர்லாந்தின் பார்ட் பிரென்ட்யென்ஸ் எடுத்துக்கொண்ட நேரம் இரண்டே கால் மணியைச் சற்றுத் தாண்டியது.

அதே 1996-ன் கோடையில் மேற்கு வர்ஜீனியாவில் வேறொன்று நடந்தது. லெய்ர்ட் நைட் என்பவர் அங்கே 1992 முதல் ‘கேனான் 24 மணி நேரம்’ என்ற பந்தயத்தை நடத்திவந்தார். நால்வர் கொண்ட அணி. ஒருவர் மாற்றி ஒருவர் ஒரு பகலும் ஓர் இரவும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தனியொருவருக்கு அதில் இடமில்லை. ஜான் ஸ்டாம்ஸ்டாட் என்பவர் விண்ணப்பப் படிவத்தில் தன் பெயரையே நான்கு விதமாக மாற்றி எழுதி ஓர் அணியாகப் பதிவு செய்துகொண்டார். நான்கு பேருடைய சுற்றுகளையும் அவரே ஓட்டினார். நான்கு பேர் இருந்த பல அணிகள் அவருக்குப் பின்னால் வந்தன. அதற்குப் பிறகு தனியாக ஓட்டுவோருக்கென்று ஒரு பிரிவே உண்டாயிற்று.

ஒரு பொய்ப் படிவத்திலிருந்து ஒரு மெய்யான பிரிவு பிறந்தது என்பதைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அவர் யாரை ஏமாற்றினார்? இளைப்பாற வேண்டிய மூன்று முறைகளையும் அவர் தாமே விட்டுக்கொடுத்தார். தனக்குப் பாதகமாகச் சொன்ன பொய் அது.

*

இப்போது மீண்டும் மிசூலாவுக்குத் திரும்ப வேண்டும். கறுப்பின வீரர்கள் புறப்பட்ட அதே ஊரில்தான் ‘அட்வென்சர் சைக்கிளிங் அசோசியேஷன்’ என்ற அமைப்பின் அலுவலகம் இருக்கிறது. மிதிவண்டிப் பயணிகளுக்கு வரைபடம் செய்து கொடுப்பது அதன் பணி. 1990களில் மைக்கேல் மெக்காய் முதலியோர், அட்லாண்டிக் பக்கம் ஓடும் நீரும் பசிபிக் பக்கம் ஓடும் நீரும் பிரியும் மேட்டை ஒட்டி, கனடா எல்லையிலிருந்து மெக்சிகோ எல்லை வரை ஒரு பாதையைக் கோத்தார்கள். பழைய சுரங்கப் பாதை, மரம் வெட்டுவோர் தடம், மேய்ச்சல் நிலத்துச் சாலை எல்லாவற்றையும் இணைத்து அமைத்த அப்பாதை, அந்த நீர்ப்பிரிமேட்டை முப்பது முறை அளவு குறுக்கே கடக்கிறது. கொலராடோவின் இண்டியானா கணவாயில் 11,900 அடிக்கு ஏறுகிறது. வையோமிங்கில் ஒரு படுகையைக் கடக்கிறது. அங்கே விழும் மழை எந்தக் கடலையும் சேர்வதில்லை, மண்ணிலேயே வற்றிப்போகிறது. அப்பகுதியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்குக் கடை கிடையாது.

நிதானமாகப் பார்த்துப் போவதற்கென்று வரைந்த பாதை அது. 1999-ல் அதே ஸ்டாம்ஸ்டாட் அதனை 18 நாள் 5 மணி நேரத்தில் தனியாக ஓட்டி முடித்தார். பின்தொடரும் வண்டி இல்லை, உதவியாளர் இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2004-ல் மைக் க்யூரியாக் சிலரைச் சேர்த்துக்கொண்டு ‘கிரேட் டிவைட் ரேஸ்’ என்று தொடங்கி, 16 நாள் 57 நிமிடத்தில் முடித்தார். 2008-ல் மேத்யூ லீ முன்னின்று, கனடாவின் பகுதியையும் சேர்த்து ‘டூர் டிவைட்’ என்ற பந்தயத்தை ஏற்படுத்தினார்.

இவற்றின் விதிகள் ஒரு கைக்குட்டையில் எழுதிவிடக்கூடியவை. கட்டணமில்லை, பரிசில்லை. எல்லோருக்கும் பொதுவாகத் திறந்திருக்கும் கடையில் வாங்கலாம், விடுதியில் தங்கலாம், உனக்கென்று முன்னேற்பாடாக யாரும் எதுவும் கொண்டுவந்து தரக்கூடாது. முழுத் தூரத்தையும் உன் உடல் வலுவால் கடக்க வேண்டும். பழுது பார்க்கவோ உணவுக்கோ பாதையை விட்டு விலகினால், விலகிய அதே இடத்துக்குத் திரும்பி வந்துதான் தொடர வேண்டும்.

க்யூரியாக்கின் பந்தயத்தில் கைபேசி கூடாது. வழியிலுள்ள பொதுத் தொலைபேசிகளிலிருந்து அழைத்து, தாம் இருக்கும் இடத்தைப் பேசிப் பதிவு செய்தார்கள். அவை இணையத்தில் ஒலிக்கோப்புகளாகக் கிடைத்தன. எங்கோ ஒரு பெட்ரோல் நிலையத்தின் ஓரத்தில் நின்று களைத்த குரலில் ஒருவர் சொல்வதை நம்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கிறிஸ்டோஃபின் பட்டறையில் நின்ற அதிகாரிகளை இந்த அமெச்சூர்கள் வேண்டுமென்றே வெளியே அனுப்பிவிட்டார்கள் எனலாம். சொல் மட்டுமே சாட்சி என்ற நிலையை அவர்கள் விரும்பி ஏற்றார்கள்.

*

சொல்லே சாட்சி என்றால், நன்றாகச் சொல்லத் தெரிந்தவரின் சாட்சியம் நமக்கு முக்கியமாகிறது. ஜில் ஹோமரை நாம் இங்கே நிறுத்திப் பேசுவதற்கு அதுவே காரணம்.

யூட்டா மாநிலத்தில் வளர்ந்து 2005-ல் அலாஸ்காவுக்குக் குடிபெயர்ந்த ஹோமர், பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். தான் விளையாட்டு வீராங்கனை அல்ல என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்பவர். அவ்வாண்டிலேயே ஒரு வலைப்பதிவைத் தொடங்கி, அலாஸ்காவின் குளிரில் மிதிவண்டி ஓட்டுவதைப் பற்றி எழுதலானார். அலாஸ்காவில் 1987 முதலே உறைபனித் தடங்களில் மிதிவண்டிப் பந்தயம் உண்டு. நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டி போகும் வழியில் தடித்த டயர் வண்டியை ஓட்டுவார்கள், பாதி வழி தள்ளுவார்கள். ஹோமர் 2006-ல் நூறு மைல் பந்தயம் ஒன்றில் இறங்கினார். 2008-ல் 350 மைல் ‘இடிடரோட் டிரெயில் இன்விடேஷனல்’ பந்தயத்தை முடித்தார். அடுத்த ஆண்டு மறுபடியும் போனபோது, தொடக்கத்திலேயே உறைந்த ஏரியின் பரப்பு உடைந்து கால் நனைந்தது. விரல்கள் பனியால் கருகின. விலகிவிட்டார்.

அந்தக் கால் ஆறிவந்த நிலையில், 2009 ஜூன் மாதம் அவர் பான்ஃபில் நின்றார். 24 நாள் 7 மணி 24 நிமிடத்தில் ஆண்டிலோப் வெல்ஸை அடைந்தார். அப்போதைக்கு அது பெண்களில் மிகக் குறைந்த நேரம். அந்த அனுபவத்தை ‘பி பிரேவ், பி ஸ்ட்ராங்’ என்ற நூலாக 2011-ல் வெளியிட்டார்.

விளையாட்டு வீரர்களின் தன்வரலாறுகள் பெரும்பாலும் வெற்றியைப் பின்னோக்கிப் பார்த்து எழுதப்படுபவை. எல்லாத் துன்பமும் வெற்றிக்கான படிக்கட்டாக அவற்றில் மாறிவிடும். ஹோமரின் எழுத்து அவ்வாறானதன்று. அச்சத்தை அச்சமாகவே எழுதுகிறார். இடிமின்னலுக்குப் பயப்படுவதையும், தனிமையில் மனம் சின்னத்தனமாக நடந்துகொள்வதையும் அவர் மறைப்பதில்லை. முதலாவதாக வருவதற்கு வழியே இல்லாத ஒருவர் ஏன் தொடர்ந்து மிதிக்கிறார் என்ற கேள்விக்கு முடிந்த முடிபாக ஒரு விடையும் தருவதில்லை. படித்து முடிக்கும்போது, விடை இல்லை என்பதை அவர் நேர்மையாக ஒப்புக்கொண்டதாகவே நாம் உணர்கிறோம்.

இத்தகைய எழுத்துகளை வரிசையாகப் படித்தால், நெடும்பந்தயம் என்பது பெரும்பாலும் மிதிப்பதைப் பற்றியதன்று என்பது புரியும். முதல் இரண்டு நாள்களில் கால் வலிக்கிறது. பிறகு அது பழகிவிடுகிறது. பழகாதவை வேறு. கைப்பிடியில் நாள் முழுதும் சாய்ந்திருப்பதால் உள்ளங்கை நரம்பு நசுங்கி, விரல்கள் வாரக்கணக்கில் மரத்துப்போகின்றன. சட்டைப் பொத்தானைப் போட முடிவதில்லை. நியூ மெக்சிகோவில் மழை பெய்தால் மண் சக்கரத்துக்கும் சட்டகத்துக்கும் நடுவில் இறுகிச் சக்கரம் நின்றுவிடும். வண்டியைச் சுமக்க வேண்டும், சுமப்பதற்கோ மண்ணோடு சேர்த்து இருமடங்கு எடை. பெட்ரோல் நிலையத்துக் கடையில் கிடைக்கும் பொட்டலத் தீனியே உணவு. இரவில் நாலு மணி நேரம், சில வேளை அதுவும் இல்லை. உடலைச் சுற்றிக்கொள்ளும் மெல்லிய உறைக்குள் தரையில் படுப்பது. தூக்கமின்மை முற்றும்போது மரத்தின் நிழல் மனிதனாகிறது. மொன்டானாவில் கரடிக்கு அஞ்சித் தனியே பாடிக்கொண்டும் கூவிக்கொண்டும் போகிறார்கள்.

இதற்கிடையே அந்நியரின் அன்பும் வந்துவிழுகிறது. நியூ மெக்சிகோவின் பை டவுன் என்ற சிற்றூரில், வேலியில் பழைய ரொட்டி சுடும் கருவிகளைத் தொங்கவிட்ட ஒரு வீடு இருக்கிறது. நடைப்பயணிகளும் மிதிவண்டிக்காரர்களும் யார் வேண்டுமானாலும் அங்கே தங்கிக்கொள்ளலாம். எல்லோருக்கும் திறந்த கதவு என்பதால் விதிக்கும் அது பகையன்று. இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தே உதவியை ஏற்க வேண்டியிருக்கிறது. துருத்தி ஊதிய சிறுவனை இங்கே எவரும் மறக்க முடியாது.

*

2008-ஐ ஒட்டி செயற்கைக்கோளோடு பேசும் சிறு கருவிகள் வந்தன. கைக்கடக்கமான ஒரு பெட்டி சில நிமிடத்துக்கு ஒருமுறை இருப்பிடத்தை அனுப்பும். பொதுத் தொலைபேசிக் குரலின் இடத்தைப் புள்ளி எடுத்துக்கொண்டது. வீட்டிலிருந்தபடி புள்ளிகளைப் பார்ப்பவர்களின் ஒரு பெருங்கூட்டமே உருவாயிற்று. நாமும் அதில் சேர்ந்தவர்கள்தாம். அதிகாரிகளை வெளியே அனுப்பிய பந்தயத்துக்குள் ஆயிரக்கணக்கான கண்கள் நுழைந்துவிட்டன.

பந்தயத்தின் வேகமும் மாறிற்று. அலாஸ்காவைச் சேர்ந்த லேல் வில்காக்ஸ் 2015-ல் பந்தயத் தொடக்கத்துக்கே ஆங்கரேஜிலிருந்து மிதிவண்டியில் வந்தார். வழியில் மூச்சுத் திணறலால் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தும் 17 நாளில் முடித்தார். மனம் நிறையாமல் அதே கோடையில் தனியாக மறுபடி ஓட்டி 15 நாள் 10 மணி 59 நிமிடம் என்று குறைத்தார். இங்கிலாந்தின் மைக் ஹால் 2016-ல் 13 நாள் 22 மணி 51 நிமிடத்தில் வந்தார். லிதுவேனியாவின் யுஸ்தினாஸ் லெவெய்கா 2024-ல் அதை 13 நாள் 2 மணி 16 நிமிடமாக்கினார். ஸ்டாம்ஸ்டாட் கனடாப் பகுதி இல்லாத குறுகிய பாதைக்கே 18 நாள் எடுத்துக்கொண்டார் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கண்கள் வந்ததும் சச்சரவும் வந்தது. 2019-ல் வில்காக்ஸ் ஓட்டியபோது படப்பிடிப்புக் குழு ஒன்று அவ்வப்போது வழியில் நின்று படம் எடுத்தது. அதில் அவரது வாழ்க்கைத் துணையும் இருந்தார். சாப்பாடோ கருவியோ கொடுக்கவில்லை. ஆனால் அன்புக்குரிய முகத்தை வழியில் காண்பதே ஓர் உதவி ஆகாதா என்று சிலர் கேட்டார்கள். ஒரு பெண்ணின் சாதனையைப் பார்க்கும்போது மட்டும் ஏன் இத்தனை நுண்ணிய தராசு என்று மற்றவர்கள் திருப்பிக் கேட்டார்கள். இரண்டு கேள்வியிலும் பொருள் இருப்பதாகவே நமக்குப் படுகிறது. தனிமை என்பதை எந்தக் கருவியால் அளப்பது?

விலை கொடுத்தவர்களும் உண்டு. 2010-ல் கொலராடோவில் பங்கேற்பாளர் ஒருவர் எதிரே வந்த வண்டியில் மோதி உயிரிழந்தார். மைக் ஹால், சாதனைக்கு அடுத்த ஆண்டு, 2017 மார்ச் 31 அன்று ஆஸ்திரேலியாவின் குறுக்கே நடந்த நெடும்பந்தயத்தில், கான்பெராவுக்கு அருகே விடியலுக்கு முந்தைய இருளில் காரில் அடிபட்டு இறந்தார். வயது 35. பந்தயம் அன்றோடு நிறுத்தப்பட்டது. உலகெங்கும் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு புள்ளி நின்றுபோனதைத்தான் முதலில் பார்த்தார்கள். தூங்குகிறார் என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். புள்ளியால் சொல்ல முடிந்தது அவ்வளவே.

இதை எண்ணும்போது, அமெச்சூர்களைப் போற்றி எழுதுவதில் நமக்கொரு கூச்சம் ஏற்படுகிறது. பணத்துக்காகச் செய்யாத செயல் என்பதாலேயே அது தூயதாகிவிடாது. வீட்டில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். காதலிப்பவர் என்ற மூலப்பொருளில், காதல் கேட்கும் விலையும் அடங்கியிருக்கிறது.

*

ஆண்டிலோப் வெல்ஸில் ஊர் என்று எதுவும் இல்லை. பாலை நிலத்தின் நடுவே ஒரு சுங்கச் சாவடி, ஒரு பெயர்ப்பலகை, ஒரு வேலி. பல நேரங்களில் முடித்து வருபவரை வரவேற்க ஒருவரும் இருப்பதில்லை. பலகையின் பக்கத்தில் வண்டியைச் சாய்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஊர் திரும்ப வாகனம் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

நாம் ஒவ்வோர் ஆண்டும் எதிர்பார்த்திருப்பது அந்த முடிவையன்று. வரைபடத்தில் நடு இரவில் ஏதாவது ஒரு புள்ளி வழிதவறிப் போகும். களைப்பில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டிருப்பார். மலைச்சரிவில் சில கிலோமீட்டர் இறங்கிய பிறகு புள்ளி நிற்கும். முன்னே போனால் எங்கோ ஓரிடத்தில் பந்தயப் பாதையோடு சேரும் குறுக்குச் சாலை வரைபடத்தில் நமக்குத் தெரிகிறது, அவருக்கும் தெரிந்திருக்கும். சிறிது நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு புள்ளி மெல்லத் திரும்பி, இறங்கிய சரிவிலேயே ஏறத் தொடங்கும், விலகிய அந்த இடத்தை நோக்கி.